மதினி வீட்டுக் கொலுவும் ஏரித் தண்ணீரும்

அன்று அந்தக் கூடத்தில் இருந்தவர்கள் இவர்கள்தான்: மதினி, அவர் வீட்டுக்காரரான அண்ணாச்சி, மதினியின் தம்பியான என் கணவர், நான், காலேஜில் படிக்கும் என் மகள், சுண்டல் வாங்க இறங்கி வந்து கதை பேச உட்கார்ந்துவிட்ட மேல் வீட்டுத் தெலுங்கு அக்கா. ஆறு பேர். மதினியிடம் கேட்டால் ஏழு என்பார். கொலுப்படியின் உச்சியில் கலசத்தில் இருந்த அம்பாளையும் சேர்த்துத்தான் எண்ண வேண்டும்.

நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். வானிலைக்காரர்கள் இங்கிலீஷில் சொல்வது முழுதாகப் புரியாது. ஆனால் போனில் வரும் படத்தில் மஞ்சள் எது, சிவப்பு எது என்று தெரியும். கல்யாணமாகி ஹைதராபாத்துக்கு வந்த நாளிலிருந்து மேகம் கறுத்தால் எனக்கு இருப்புக் கொள்ளாது. மௌலா அலியில் எங்கள் வீட்டில் ஆடி பிறந்ததுமே பத்திரங்களைப் பிளாஸ்டிக் கவரில் கட்டி அலமாரியின் மேல்தட்டில் வைத்துவிடுவேன். மெழுகுவர்த்தி, மாத்திரை, மாற்றுத் துணி எல்லாம் ஒரு பையில் கதவோரம் தொங்கும். பாத்ரூம் சாக்கடை ஓட்டையை அடைக்க மணல் நிரப்பிய பை ஒன்றும் தயாராக இருக்கும். வெள்ளம் வாசல் வழியாகத்தான் வரும் என்று எல்லோரும் வாசலையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். அது முதலில் பொங்குவது பாத்ரூம் ஓட்டையில்தான். இதையெல்லாம் சொன்னால் சொந்தத்தில் சிரிப்பார்கள். என் கணவரே, "நக்கோ, வேண்டாம், ஆரம்பிக்காத" என்பார்.

மதினி வீடு பாலாநகர் பக்கம், ஓர் ஏரிக்குக் கீழே, தரைத்தளம். அங்கே நடந்த கூத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு எரிச்சல் அடங்குவதில்லை. வீட்டுப் பத்திரம், அண்ணாச்சியின் பென்ஷன் காகிதம், பிள்ளைகளின் சர்டிஃபிகேட் எல்லாம் இரண்டு ட்ரங்குப் பெட்டிகளில் வருஷம் முழுக்கப் பரண்மேல் பத்திரமாக இருக்கும். ஏரிகளெல்லாம் நிரம்பித் தளும்பி நிற்கிற நேரத்தில் நவராத்திரி வரும். அப்போது அந்தப் பெட்டிகள் பரணிலிருந்து தரைக்கு இறங்கும். கொலுவுக்குக் கீழ்ப்படி அவைதான். மேலே பலகை, அதன்மேல் வேட்டி, அதன்மேல் செட்டியாரும் செட்டிச்சியும். எந்த வாரம் உயரத்தில் இருக்க வேண்டுமோ, அந்த வாரம் பார்த்து அத்தனையும் தரையில் உட்கார்ந்திருக்கும். ரெடிமேட் கொலுப்படி ஒன்று வாங்குங்கள் என்று வருஷா வருஷம் சொன்னேன். "இரும்புப் படி சாமிக்கு ஆகாதுட்டி" என்பார் மதினி. ட்ரங்குப் பெட்டி என்ன தேக்கா? கேட்டால், "அது எங்க அம்ம குடுத்த சீதனம்லா" என்று முடித்துவிடுவார்.

அன்று முந்தின நாளிலிருந்தே விடாத மழை. படம் சிவப்பாகிவிட்டது. கணவரையும் மகளையும் இழுத்துக்கொண்டு மதியமே மதினி வீட்டுக்குப் போய்விட்டேன். உள்ளே காலை வைக்கவில்லை, "ஏட்டி, வந்ததும் வராததுமா ஆரம்பிச்சிராத. நீ மழையப் பாத்துப் பயப்படுதியா, மழை உன்னயப் பாத்துப் பயப்படுதான்னே தெரியல" என்றார் மதினி. மேல் வீட்டு அக்கா உட்பட எல்லோரும் சிரித்தார்கள்.

"பெட்டியில இருக்க பத்திரத்த மட்டும் எடுத்துத் தாங்க மதினி. வேற எதுவும் கேக்கல."

"பெட்டியத் தொறக்கணும்னா படியவே பிரிக்கணும். கலசம் வச்சாச்சு. விஜயதசமி முடியாம அசைக்கலாமா? வெவரம் தெரிஞ்சுதான் பேசுதியா?"

அண்ணாச்சி பேப்பரிலிருந்து தலையைத் தூக்கி, "ஏரின்னு எதச் சொல்லுத? பாதி ஏரி பிளாட் போட்டு வித்தாச்சும்மா" என்றார்.

"பிளாட் போட்டது தண்ணிக்குத் தெரியுமா அண்ணாச்சி?"

அதற்கும் சிரிப்புதான். சுண்டல் தட்டுதான் கைக்கு வந்தது.

தட்டு காலியாகும் முன்பே உள்ளேயிருந்து என் மகளின் குரல்: "அம்மா, பாத்ரூம்ல நீள்ளு ஒஸ்துன்னாயி!" வீட்டில் தமிழ் பேசு என்று எத்தனை வருஷமாகச் சொல்கிறேன், தண்ணீர் வந்தாலும் தெலுங்கில்தான் வருகிறது. ஓடிப்போய்ப் பார்த்தால் ஓட்டையில் கறுப்புத் தண்ணீர் கொப்பளித்துக்கொண்டிருந்தது. என் கணவர் மெயின் சுவிட்சை அணைத்தார். கையில் கிடைத்த துணியை எல்லாம் அடைத்தேன். துணியையும் தள்ளிக்கொண்டு வந்தது. கூடத்துக்குத் திரும்பும்போது வாசல் பக்கமும் தண்ணீர் ஏறிக் கணுக்காலைத் தொட்டது.

இனி பத்திரம் போனால் போகட்டும் என்று எனக்கு ஆகிவிட்டது. பயமெல்லாம் மதினியின் தேய்ந்துபோன முழங்காலைப் பற்றி. மாடிப்படி வீட்டுக்கு வெளியே, பின்பக்கம் தாழ்வான சந்தில் இருக்கிறது. அங்கே தண்ணீர் இடுப்பளவு ஏறிவிட்டால் அந்தக் காலோடு அவரால் போகவே முடியாது. அவரைத் தூக்கிக்கொண்டு போக எங்கள் யாராலும் ஆகாது. அவரோ நாற்காலியை இழுத்துக் கொலுவுக்கு முன்னால் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

"நீங்க எல்லாரும் போங்க. எரியுத வெளக்க விட்டுட்டு நான் வரமாட்டேன்."

"அக்கா, பேச டைம் இல்ல, எந்திரி" என்று என் கணவர் கையைப் பிடித்தார். மதினி தட்டிவிட்டார். அண்ணாச்சி கெஞ்சினார். நான் கத்தினேன். அந்த நேரத்தில் எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. ஊரில் மழைக்குச் செத்தவர்களை எல்லாம் டிவியில் பார்த்து உச்சுக் கொட்டும் மனுஷி, தன் வீட்டுக்குள் தண்ணீர் நிற்கும்போது விளக்குக்குத் திரி தூண்டுகிறார்!

மேல் வீட்டு அக்கா புடவையை இடுப்பில் சொருகினார். பூவால் அடுக்கிக் கும்பிடும் எங்கள் பதுகம்மாவை நாங்களே கொண்டுபோய்த் தண்ணீரில் விடுகிறோம், உங்கள் அம்பாளுக்கு மாடி ஏற என்ன பயம் என்று தெலுங்கில் கேட்டுக்கொண்டே எட்டிக் கலசத்தை எடுத்தார். மதினி வாயைத் திறப்பதற்குள் தேங்காயோடும் மாவிலையோடும் அதை மார்பில் அணைத்துக்கொண்டு தண்ணீரில் இறங்கி நடந்துவிட்டார்.

"ஏய்! வைய்யி அத! வைய்யின்னு சொல்லுதேன்லா!"

மதினி எழுந்துவிட்டார். நாங்கள் நாலு பேர் கெஞ்சி அசையாதவர், கோபத்தில் தானாக நடந்தார். சந்தில் தண்ணீர் தொடைவரை ஏறியிருந்தது. என் தோளைப் பிடித்து அழுத்திக்கொண்டு, ஒவ்வொரு படிக்கும் அந்த அக்காவை ஒரு வசவு வைதுகொண்டு மேலே வந்து சேர்ந்தார். மேலே அக்கா ஒன்றும் நடக்காததுபோலக் கலசத்தைத் தன் பூஜை அலமாரியில் வைத்து, "கூர்ச்சோ வதினா, உக்காரு, டீ போடறேன்" என்றார். கீழே பார்த்தேன். சற்று முன் நாங்கள் நடந்துவந்த சந்தில் யாருடைய ஸ்கூட்டரோ மிதந்து போய்க்கொண்டிருந்தது.

மறுநாள் பெட்டிகளைத் திறந்தபோது காகிதமெல்லாம் ஊறி ஒட்டிக் கிடந்தது. ஒவ்வொன்றாகப் பிரித்து மேல் வீட்டுத் தரை முழுக்கப் பரப்பிக் காயவைத்தோம். இனியாவது புத்தி வந்திருக்கும் என்று மதினியின் முகத்தைப் பார்த்தேன். "கலசத்த அசைச்சீங்கள்லா, அதான் பத்திரம் நனைஞ்சிட்டு" என்றார். சாகும்வரை அதையேதான் சொன்னார். சர்க்கரை முற்றி, ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபோதும் என்னைப் பார்த்ததும் அதே பேச்சு. கேட்கும்போது பற்றிக்கொண்டு வரும். ஆனால் எதிரே உட்கார்ந்து என்னோடு சண்டை போட அவர் இருக்கிறாரே என்று அப்போது ஒரு சமாதானமும் இருந்தது.

அண்ணாச்சி இப்போது மகனோடு பேகம்பேட்டில் இருக்கிறார். பாலாநகர் வீட்டில் சென்னையிலிருந்து வந்த ஒரு சின்ன ஜோடி வாடகைக்கு இருக்கிறது. ஐடி வேலை. போன மாதம் போய், பாத்ரூம் ஓட்டை, பின்பக்கச் சந்து, ஏரி எல்லாம் சொன்னேன். அந்தப் பெண் மரியாதையாகக் கேட்டுவிட்டு, "ஆப்ல அலர்ட் வந்துடும் ஆன்ட்டி" என்று சிரித்தது. வயிற்றில் ஏழு மாதம். அலர்ட் வரும், சரி. வந்தபின் எங்கே ஏறுவாள்? மேல் வீட்டு அக்கா மகளோடு நிஜாமாபாத் போய்விட்டார். மாடிக் கதவில் பூட்டு தொங்குகிறது, சாவி அவரிடம்.

அந்தச் சாவியை வாங்கி இந்தப் பெண்ணிடம் கொடுத்துவையுங்கள் என்று அண்ணாச்சியிடம் சொல்லிக்கொண்டே இருக்கிறேன். "கேப்போம்மா, கேப்போம். இப்ப என்ன அவசரம்?" என்கிறார். இன்று காலையிலிருந்து மழை. படம் சிவப்பாகிவிட்டது. அண்ணாச்சி போனை எடுக்கவில்லை. செருப்பை மாட்டிவிட்டேன்.

"எங்க கிளம்பிட்ட?" என்கிறார் என் கணவர்.

நிஜாமாபாத்துக்கு பஸ் எத்தனை மணிக்கு என்று அவரிடம்தான் கேட்க வேண்டும்.