கல்யாணப் பந்தியில் கிணற்றுப் பாட்டு

இன்று காலை தாம்பரம் பஸ் ஸ்டாண்டு பக்கத்து டீக்கடையில், முப்பது வருஷத்துக்கு மேலாக நான் முகம் கொடுத்துப் பேசாத ஒருவர் வந்து பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்தார்.

ராமு அண்ணன். மைக் செட் கடை வைத்திருந்தவர். நான் அவரிடம் ஆபரேட்டராக இருந்தேன்.

(எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்கிறேன், மருமகள் டைப் அடிக்கிறாள். பிழை இருந்தால் அவளைக் கேளுங்கள்.)

நம் வாட்ஸ்அப் குரூப்பில் எல்லாரும் இந்த வாரம் என்ன பாட்டுக் கேட்டோம் என்று போடுகிறீர்கள். போராட்டப் பாட்டே இப்போது வருவதில்லை என்று வருத்தப்படுகிறீர்கள். நீங்கள் அனுப்பிய புதுப் பாட்டுகளை நானும் கேட்டேன். தாளம் நன்றாக இருக்கிறது. கோபம்கூட இருக்கிறது. யார் மேல் கோபம் என்றுதான் கடைசி வரை பிடிபடவில்லை.

யார் மேல் கோபம் என்று தெரிந்த ஒரு பாட்டைச் சொல்கிறேன்.

எண்பதுகளின் கடைசி. அனகாபுத்தூரில் எங்கள் தெருவுக்குப் பின்னால் ஒரு தோல் கம்பெனி. கழிவு இறங்கி இறங்கி எங்கள் கிணறு செவந்துபோனது. பிள்ளைகளுக்குக் கை கால் எல்லாம் சொறி. என் கூட்டாளி காசிம் பாய் தறி நெய்கிறவர். மஞ்சள் நூலை அந்தத் தண்ணீரில் நனைத்தால் துரு நிறமாக வெளியே வரும்.

கம்பெனி முதலாளியைப் பார்க்க மூன்று தடவை போனோம். மூன்று தடவையும் ஒரே பதில்.

"பொண்ணுக்குக் கல்யாணம் வெச்சிருக்கேன்பா. அப்புறம் பாக்கலாம்."

கூட்டம் போட்டுப் பேசலாம் என்றால் மைக்குக்கு அனுமதி கிடைக்கவில்லை.

காசிம் பாய் தறியில் உட்கார்ந்து, தறிச் சத்தத்தையே தாளமாக வைத்து ஒரு பாட்டுக் கட்டி, டேப் ரெக்கார்டரில் பிடித்தார்.

"எங்க தெரு கெணத்துத் தண்ணி செவப்பு, மொதலாளி
எட்டி நின்னு பாத்தா அது தெரியாது, மொதலாளி
உங்க வூட்டு சொம்புல ஊத்தித் தரோம், மொதலாளி
ஒரே ஒரு வாய் குடிச்சிட்டுப் போ, மொதலாளி."

கேசட்டை என் கையில் வைத்தார்.

"பாட்டு கட்னது என் வேல மச்சான். அந்தாளு காதுல வுழ வெக்கிறது உன் வேல."

அந்த முதலாளி வீட்டுக் கல்யாணத்துக்கு மைக் செட் யார் தெரியுமா? ராமு அண்ணன் கடைதான். மண்டபம் தாம்பரத்தில்.

எனக்குத்தான் எழுத்து தெரியாதே, கேசட்டுகளில் என் வீட்டுக்காரியின் ஸ்டிக்கர் பொட்டை ஒட்டி வைத்திருப்பேன். சாமி பாட்டுக்குச் சிவப்பு, சினிமாவுக்குப் பச்சை, சாவுக்குக் கறுப்பு. காசிம் பாய் கேசட்டில் எதுவும் ஒட்டவில்லை.

தாலி கட்டி முடிகிற வரை காத்திருந்தேன். (அந்தப் பெண் என்ன செய்தது, பாவம்.) முதல் பந்தியில் இலை போட்டுத் தண்ணீர் வைத்து, சாம்பார் முடிந்ததும் கேசட்டைப் போட்டேன்.

முதலாளி பந்திக்கு நடுவில் நின்று, "ரசம் இங்க வாப்பா" என்று சொல்லிக்கொண்டிருந்தார். ரசம் வருவதற்குள் பாட்டுக்குள் சொம்பு வந்துவிட்டது. உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாரும் கையில் இருந்த டம்ளருக்குள் எட்டிப் பார்த்தார்கள்.

ராமு அண்ணன் ஓடி வந்தார்.

"இன்னாடா இது?"

"பொட்டு உதுந்துட்சுணா. எந்த கேசட்டுனு தெர்ல."

எல்லார் முன்னாலும் பளாரென்று அறைந்தார். "எழுத்து தெரியாத நாய வேலைக்கு வெச்சேன் பாரு, என்னச் சொல்லணும்" என்று ஆரம்பித்து, என் அப்பா வரைக்கும் போய்விட்டு வந்தார். செட்டை உடைக்க வந்த முதலாளியின் ஆட்கள், "படிக்காத பய, வுடு" என்று சிரித்துக்கொண்டே போனார்கள்.

பத்து நாள் கழித்து முதலாளி எங்கள் தெருவுக்கு வந்தார். கிணற்றை எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். அந்த மாசமே தெருவுக்கு ஒரு போர்வெல் போட்டுக் கொடுத்தார். கிணறு மட்டும் தெளியவே இல்லை.

நான் அதோடு வேலையை விட்டேன். அறைந்ததற்காக இல்லை, அந்தச் சொல்லுக்காக. இன்று அதைக் கேட்டேவிட்டேன்.

"எழுத்து தெரியாத நாய்னு அத்தினி பேர் முன்னால சொன்னியேணா."

அவர் டீயை ஆற்றிக்கொண்டே சொன்னார்.

"கண்ண கட்டி வுட்டாக்கூட எந்த கேசட்டுனு தடவிப் பாத்தே சொல்லுவடா நீ. எனக்குத் தெரியாதா? வேணும்னு நீ போட்டனு அவனுங்க தெரிஞ்சிகினு இருந்தா உன்னையும் வெச்சிருக்க மாட்டானுங்க, என் செட்டையும் வெச்சிருக்க மாட்டானுங்க."

டீயைக் கீழே வைத்துவிட்டு மறுபடியும் சொன்னார்.

"ஆம்ப்ளிஃபயர் சுவிட்ச் என் கை பக்கத்துலதான் இருந்துச்சு. நான் அமுக்கனனா? பாட்டு முடியிற வரைக்கும் உன்னத் திட்டிகினு இருந்தேன். உங்கப்பன வேற எதுக்கு இழுத்தேன்னு நெனைக்கிற? பாட்டுல கடைசி அடி பாக்கி இருந்துச்சு."

இத்தனை வருஷமும் அந்தத் திட்டை வரி விடாமல் ஞாபகம் வைத்திருந்தேன். பின்னால் பாட்டு ஓடிக்கொண்டே இருந்தது எனக்கு ஞாபகமே இல்லை.

பக்கத்தில் ஒருவர் காதில் எதையோ மாட்டிக்கொண்டு தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். அண்ணன் அவரைக் காட்டினார்.

"இப்பவும் பாட்டு கீதுடா. அவன் அவன் காதுக்குள்ளயே கீது. கேக்க வேண்டியவன் நிம்மதியா சோறு துன்னுகினு கீறான்."

காசிம் பாய் இப்போது இல்லை. கேசட் வெள்ளத்தில் போய்விட்டது. அதைச் சொன்னதும் அண்ணன், "உன் மண்டைல கீதுல்ல, பாடு" என்றார்.

பாடினேன். ஸ்டூலைத் தட்டித் தாளம் போட்டார் அண்ணன். கடைசி அடி வரை போனேன். தலையை ஆட்டிக்கொண்டிருந்தவர் ஆட்டிக்கொண்டேதான் இருந்தார்.

டீ மாஸ்டர் மட்டும் பாலை இறக்கி வைத்துவிட்டு எங்களிடம் வந்தார். கொஞ்சம் கோபமாகத்தான்.

"பெருசு, நம்ம கடைல கேன் தண்ணிதான். சும்மா கெளப்பி வுடாத."

பரவாயில்லை. பாட்டு இன்னும் வேலை செய்கிறது.