பன்னிரண்டு மொட்டைகளும் இரண்டாவது மெஷினும்

பற்பசை ட்யூப் செய்கிற தொழிலில் ஒரு விசேஷம்: ஊரே காலையில் எழுந்ததும் நம் சரக்கைத்தான் கையில் எடுக்கிறது, ஆனால் அதை யாரோ செய்திருக்கிறார்கள் என்று ஒருவருக்கும் தோன்றுவதில்லை. ஆடிட்டர் வரும் வாரத்தில் தூக்கம் தொலைத்தவர் நீங்களும் என்றால் மேலே படியுங்கள். மற்றவர்கள் பல் தேய்த்துவிட்டு வரலாம்.

காலி ட்யூப்

டிப்ளமா முடித்த கையோடு இந்தக் கம்பெனியில் சேர்ந்தேன். நாட்டின் கதவு திறந்த காலம். வெளிநாட்டு பேஸ்ட்காரர்கள் வரிசையாக வந்தார்கள், எங்களுக்கும் வேலை பெருகியது. அவர்கள் எந்த நாட்டில் கடை விரித்தாலும் பக்கத்திலேயே நாங்கள் ஓர் ஆலை போடுவோம். நானும் கூடவே போவேன். கடைசியாக இருந்தது துருக்கியில். வேலையில் சேர்ந்து இருபது வருஷம் கழித்து சித்தூர்–திருப்பதி சாலையில், புத்தலப்பட்டு தாண்டி, புது ஆலை வந்தது. மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டு திரும்பினேன்.

நகரிப் பக்கம் விவசாயம் பார்க்கும் என் மாமனார் அப்போதுதான் என் வேலையைப் பற்றி விவரமாக விசாரித்தார். "பேஸ்ட் நாங்க செய்யறதில்ல மாமா, ட்யூப் மட்டும்தான்" என்றேன். வெற்றிலையை மென்று முடித்தார். பிறகு கேட்டார்: "காலி ட்யூபுக்கா மாப்ள இத்தினி வருஷமா ஊர் ஊரா போய்க்கினு இருந்தீங்க?"

தனலட்சுமியின் கண்

புது ஆலையில் ஒரே மெஷின். இரண்டாவது மெஷின் எங்களுக்கா, துருக்கி ஆலைக்கா என்பது பேஸ்ட் கம்பெனியின் ஆடிட்டர் வந்து பார்த்த பிறகுதான் முடிவாகும். எங்களுக்கு வந்தால் ட்யூப்களைச் சரிபார்க்கும் பன்னிரண்டு கான்ட்ராக்ட் ஆட்களும் பர்மனென்ட். வராவிட்டால் அவர்கள் கான்ட்ராக்ட் அத்தோடு சரி. அவர்களில் தனலட்சுமி சத்தியவேடு பக்கத்திலிருந்து இங்கே வாழ்க்கைப்பட்டு வந்த பெண். இங்கே வேலை போனால் ஸ்ரீபெரும்புதூரில் ஃபேக்டரி வேலையும் ஹாஸ்டலும்தான். பால்வண்டி ஓட்டும் புருஷனும் வீடும் இங்கேயே.

ஒருநாள் தனலட்சுமி ஒரு பெட்டி ட்யூபையே ஒதுக்கி வைத்திருந்தார். அச்சிட்ட பூ, ட்யூபின் இரண்டு ஓரமும் ஒட்டும் தையல் கோட்டிலிருந்து ஒரு நூல் தள்ளியிருந்தது. "துருக்கியில இதையெல்லாம் விட்டுடுவோம்" என்றேன். அவர் நிமிரவே இல்லை. "அப்ப அவங்களுக்கே அனுப்பிடுங்க சார். நான் பாஸ் பண்ண மாட்டேன்."

கேட்டில் நின்றவர்கள்

ஆடிட் வாரத்துத் திங்கட்கிழமை பன்னிரண்டு பேரும் மொட்டைத் தலையோடு வந்தார்கள், பெண்கள் ஏழு பேர் உட்பட. ஞாயிற்றுக்கிழமை திருமலைக்குப் போய் முடி கொடுத்திருக்கிறார்கள். வேண்டுதல் பலித்த பிறகுதானே முடி கொடுப்பது வழக்கம்? மெஷின் வந்துவிட்டால் லீவு கிடைக்காது என்று இவர்கள் முன்கூட்டியே முடித்துவிட்டார்கள்.

கேட்டில் முகம் பார்த்துக் கதவு திறக்கும் கருவி ஒன்று உண்டு. அது ஒருவருக்கும் திறக்கவில்லை. செக்யூரிட்டி என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்: "ஏழுமலையான் ஒத்துக்கினாரு சார். இந்த மெஷின்தான் ஒத்துக்க மாட்டேங்குது."

மூடிய அறை

ஆடிட்டர் ஒரு ஜெர்மன் அம்மாள். ட்யூபுக்குள் முடி விழாமலிருக்க எல்லோரும் தொப்பி போட வேண்டும் என்பது விதி. முடிதான் இல்லையே என்று நம்மவர்கள் தொப்பியைக் கழற்றி வைத்திருந்ததை அவரோடு உள்ளே நுழைந்தபோதுதான் நான் கவனித்தேன். அவர் கவனித்தது வேறு. ஒரே நாளில் பன்னிரண்டு மொட்டை என்றால் நிர்வாகம் கட்டாயப்படுத்தியதா? அப்படியென்றால் ஆலை அந்த நிமிஷமே ஃபெயில். என்னை வெளியே நிறுத்திவிட்டு, தனலட்சுமியையும் சென்னையிலிருந்து வந்த மொழிபெயர்ப்பாளரையும் அழைத்துக்கொண்டு கதவைச் சாத்தினார்.

உள்ளே நடந்ததை மொழிபெயர்ப்பாளர் பிறகு சொன்னார். எதற்காக மொட்டை என்ற கேள்விக்கு, "கம்பெனிக்காகத்தான்" என்றாராம் தனலட்சுமி. ஆடிட்டரின் பேனா நின்றுவிட்டது. கம்பெனி கேட்டதா என்றார் அடுத்து. "அது எங்க கேட்டுச்சி? அதுக்குத் தெரியவே தெரியாது. மெஷின் இங்க வரணும்னு நாங்களாத்தான் போயி வேண்டிக்கினோம். அப்படியே உங்களுக்கு நல்ல புத்தி குடுக்கச் சொல்லியும் கேட்டோம்மா."

ஒரு மணி நேரம் பர்மிஷன்

மூன்று வாரம் கழித்து ரிப்போர்ட் வந்தது. ஆலை பாஸ். ஒரே ஒரு குறை: முடி இருந்தாலும் இல்லாவிட்டாலும் தொப்பி போட வேண்டும். மெஷின் எங்களுக்காகக் கப்பலேறியது, பன்னிரண்டு பேருக்கும் பர்மனென்ட் கடிதம் கொடுத்தோம்.

தனலட்சுமி கடிதத்தை இரண்டு தடவை படித்தார். பிறகு, ஒரு மணி நேரம் முன்னால் வீட்டுக்குப் போகலாமா என்று கேட்டார். ஸ்ரீபெரும்புதூருக்குக் கட்டி வைத்த பெட்டியை அவிழ்க்க வேண்டுமாம். "மொட்டையும் போட்டுட்டுப் பெட்டியும் கட்டினியாம்மா?" என்றேன். "சாமிய நம்பாம இல்ல சார். அந்த ஆடிட்டரம்மாவ அன்னிக்கிதானே மொதமொதல்ல பாத்தேன்."

கம்பெனி வளர வளர ஆட்கள் பெட்டி கட்டுவதைத்தான் இத்தனை வருஷமாகப் பார்த்திருக்கிறேன். கட்டியதை அவிழ்க்க ஒருவர் பர்மிஷன் கேட்டதும், நான் காரணம் எழுதச் சொல்லாமல் கையெழுத்துப் போட்டதும் இதுதான் முதல் தடவை.