கதவுச் சட்டத்து ஐஸ்

கொழிஞ்சாம்பாறைக்குப் பக்கத்தில் ஓர் ஐஸ்கிரீம் கிடங்கில் மின்பொறியாளராக இருந்தபோது, ஆள் சாகாமல் காக்கும் ஒரு கருவியை நானே முடக்கினேன். அதனால் சுமை இறக்குபவர் ஒருவரின் வலது கை விளங்காமல் போயிற்று. ஈரக்கையோடு தொட்டார் என்று பழியையும் அவர் மேலேயே போட்டேன்.

கிடங்கின் கதவுச் சட்டத்துக்குள் ஒரு ஹீட்டர் வயர் ஓடும். ஐஸ் பிடித்துக் கதவு இறுகிவிடாமல் அது உருக்கிக்கொண்டே இருக்கும். மின்சாரம் கசிந்தால் தானே விழுந்து இணைப்பைத் துண்டிக்க லீக்கேஜ் பிரேக்கர் உண்டு. ஆயுத பூஜைக்கு முந்தைய நாள், வழக்கம்போல எல்லாவற்றையும் ஹோஸ் பிடித்துக் கழுவிச் சந்தனம் குங்குமம் வைத்தார்கள். அதன்பின் பிரேக்கரை எத்தனை முறை தூக்கிவிட்டாலும் விழுந்தது. கதவில் ஐஸ் ஏறத் தொடங்கியது. வெளியே லாரி காத்திருந்தது.

ஹீட்டரின் இணைப்புப் பெட்டிக்குள் தண்ணீர் போயிருக்கிறதா என்று நான் திறந்து பார்க்கவில்லை. பிரேக்கரைத் தாண்டி ஒரு துண்டு வயரைப் போட்டு டைரக்ட் கொடுத்தேன். பூஜை முடிந்ததும் எடுத்துவிடலாம் என்று நினைத்தேன். எடுக்கவில்லை.

"சார், கதவு சுருக்குன்னு கடிக்குதுங்க," என்றார் அந்தச் சுமை இறக்குபவர்.

"ஏம் பங்காளி, உன்னைய மட்டும் கடிக்குதா? ஊட்டுக்காரி கதவுகிட்டச் சொல்லி உட்டிருப்பாடா," என்றார் கூட இருந்தவர். நானும் சேர்ந்து சிரித்தேன்.

சில நாட்களில் ஷாக் அடித்து அவர் கதவுக் கைப்பிடியோடு ஒட்டிக்கொண்டார். மரப்பலகையால் தள்ளிப் பிரித்தார்கள். உயிர் தங்கியது, விரல்கள் மடங்கவில்லை.

அன்றாவது வயரை எடுத்திருக்கலாம். எடுத்தால் பிரேக்கர் விழும். இத்தனை நாள் ஏன் விழவில்லை என்று கேட்பார்கள். அவருக்கு ரப்பர் கையுறை வாங்கிக் கொடுத்தேன். நல்ல மனசு என்றார்கள். பிறகு உடும்பஞ்சோலையில் ஏலக்காய் உலர்த்தும் நிலையத்துக்கு வேலை மாறிப் போய்விட்டேன்.

ஓய்வு பெற்று, சென்ற ஆண்டு பூஜைச் சமயத்தில் திரும்பிப் போனேன். பிரேக்கர் இருந்த பேனலைத் திறந்தேன். என் வயர் அப்படியே இருந்தது, மேலே சந்தனப் பொட்டோடு. அவரும் இருந்தார், இடது கையில் கையுறை போட்டபடி. முதலாளியின் முன்னாலேயே அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் திட்டவில்லை. "அப்ப இந்தக் கதவ இப்பத் தொறக்கலாமுங்களா, வேண்டாமுங்களா?" என்று மட்டும் கேட்டார்.

மெயினை அணைத்து வயரை வெட்டினேன். மறுபடி மெயினைப் போட்டதும் பிரேக்கர் விழுந்தது.

"இத்தன வருசம் ஓடுனதுதானுங்களே சார்," என்றார் முதலாளி. "பூஜ லோடு போகட்டுங்க."

என் செலவில் புது ஹீட்டர் வயர் வாங்கப் பொள்ளாச்சிக்கு பஸ் ஏறினேன். மறுநாள் சுருளோடு வந்தபோது பேனலுக்குப் பூட்டுப் போட்டிருந்தது. கதவுச் சட்டத்தில் ஐஸ் இல்லை. ஈரமாக மினுங்கியது.

"நேத்தே வேறொருத்தர் வந்து ஒரு துண்டு வயரப் போட்டுச் செரி பண்ணீட்டாருங்க," என்றார் கை விளங்காதவர்.

"சாவி?"

"மொதலாளிகிட்டங்க. லோடு போனாத்தான் தருவாராமா."

லாரி ஹாரன் அடித்தது. பல்லால் கடித்துக் கையுறையை இழுத்து மாட்டிக்கொண்டு, அவர் கதவுப் பக்கம் திரும்பினார்.