அம்மா அண்ணாந்து பார்க்கக் கூடாது

சிரம்பானிலேயே உயரமான கட்டடத்துக்கு என் அப்பா தரையில் நின்றபடியே சாயம் அடிக்கிறார் என்று மூன்றாம் வகுப்பில் நான் எல்லோரிடமும் அளந்துகொண்டிருந்தேன். பொய்யில்லை, மனதார நம்பினேன். எண்ணெய்க்காக வளர்க்கும் லிங்கி பக்கத்துச் செம்பனைத் தோட்டத்தில் அப்பா முன்பு குலை வெட்டியவர். மரம் எவ்வளவு உயர்ந்தாலும் ஏறமாட்டார். அலுமினியக் கம்போடு இன்னொரு கம்பைச் சொருகி, நுனியில் அரிவாளைக் கட்டி, கீழே நின்றே வெட்டிச் சாய்ப்பார். முப்பது மாடிக்குக் கம்பு கொஞ்சம் கூடுதலாக வேண்டியிருக்கும், அவ்வளவுதானே? "ரொம்ப நீளக் கம்பாப்பா?" என்று கேட்டதற்கு, "ஆமாடா கண்ணு, ரொம்ப நீளம்" என்றார். அம்மா அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒவ்வொரு மாநிலத்திலும் எது உயரமான கட்டடம் என்று படம் ஒட்டிவரச் சொன்னார் ஆசிரியை. வந்தது வினை. நான் எழுந்து அப்பாவின் கம்பைப் பற்றிப் பெருமையடித்தேன். பின்வரிசைப் பையன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

"லூசு! கயித்துலதான் லா தொங்குவாங்க. அந்து விழுந்தா அவ்ளோதான், சட்னி!"

வகுப்பே சிரித்தது. ஆசிரியை மட்டும் சிரிக்காமல் என்னை உட்காரச் சொன்னார். அதுதான் என்னைக் கலக்கிவிட்டது. யாரிடம் போய்க் கேட்பது? அப்பா ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் வீட்டுக்கு வருவார். அம்மாவுக்கோ ஏழு மாதம். வயிற்றுப்பிள்ளைக்காரி பயப்படவே கூடாது என்று பக்கத்து வீட்டு அத்தை சொல்லிக்கொண்டே இருப்பார். அப்பா ஸ்டூலில் ஏறிப் பல்பு மாட்டினாலே "ஐயோ, எறங்குங்க" என்று கத்துகிறவள் அம்மா. விஷயம் தெரிந்தால் அவளும் போய்விடுவாள், வயிற்றிலிருக்கும் தம்பியும் போய்விடுவான் என்று நானே முடிவுகட்டிக்கொண்டேன்.

அந்தச் சனிக்கிழமை, வளைகாப்புக்கு வளையல் வாங்க அம்மா என்னைச் சிரம்பானுக்குக் கூட்டிப்போனாள். பஸ்ஸிலிருந்து இறங்கி இரண்டு தெரு நடந்திருப்போம். கடைகளின் கூரைக்கு மேலே அந்தக் கட்டடம் நின்றது. மேல்பாதி புது வெள்ளை, கீழ்ப்பாதி பழைய மஞ்சள். இரண்டும் சேரும் இடத்தில் கயிற்றில் ஒருவர் தொங்கிக்கொண்டிருந்தார். அவ்வளவு தூரத்தில் முகம் தெரியாதுதான். ஆனால் அப்பா இடது தோளைச் சாய்க்கிற விதம் எனக்குத் தெரியாதா? காற்றில் கயிறு ஆடியது.

அம்மா பார்த்துவிடக் கூடாது.

"அம்மா, பசிக்குது! ரொட்டி சானாய் வேணும், இப்பவே வேணும்!" என்று கையைப் பிடித்து இழுத்தேன். கடைத்தெருவில் அடம்பிடித்தால் தொடையில் கிள்ளுகிறவள், அன்று "வா, வா" என்று எனக்கு முன்னால் ஓடினாள். நானா என்று எல்லோரும் கூப்பிடும் முஸ்லிம் அண்ணனின் சாப்பாட்டுக் கடையில் வெளி நாற்காலிகளெல்லாம் காலியாக இருந்தன. அவள் என்னைக் கடைசி மூலைக்குக் கூட்டிப்போய், தெருவுக்கு முதுகு காட்டி உட்காரவைத்து, தானும் அப்படியே பக்கத்தில் உட்கார்ந்தாள்.

அப்போதுதான் மழை பிடித்தது. சாதாரண மழையா, தகரத்தைப் பிய்க்கிற காற்றோடு வந்தது. நான் திரும்பினால் அவளும் திரும்புவாளே என்று தட்டையே பார்த்துக்கொண்டு, முருகா முருகா என்று மனசுக்குள் கும்பிட்டேன். அம்மா தேத்தண்ணியைத் தொடவேயில்லை.

நானா மேசையைத் துடைக்க வந்தபோது மெல்லக் கேட்டாள்: "நானா, மழ வந்தா மேல தொங்குறவங்கள ஒடனே எறக்கிருவாங்கதானே?"

"காத்து அடிச்சாலே எறக்கிருவாங்கம்மா. நீ சாப்புடு."

"மெல்லச் சொல்லுங்க, புள்ள இருக்கு."

எனக்கு எல்லாமே கேட்டது. யார் யாருக்காகவோ இப்படிப் பதறுகிறாளே, தொங்குவது யாரென்று தெரிந்தால் என்ன ஆவாள் என்று இன்னும் வேகமாக முருகனைக் கூப்பிட்டேன்.

மழை விட்டதும், "கை கழுவிட்டு வரேன்" என்று, நான் தடுப்பதற்குள் தெருப்பக்கம் போனாள். திரும்பி வந்தவள் ஆறிப்போன தேத்தண்ணியை ஒரே மூச்சில் குடித்தாள். இன்னும் இரண்டு ரொட்டி சொல்லி முழுதும் சாப்பிட்டாள். எனக்குத்தான் மறுநாள் அப்பா வாசலில் வந்து செருப்பைக் கழற்றும்வரை ஒரு வாய் இறங்கவில்லை. இருந்தாலும், அம்மாவுக்கு ஒன்றும் தெரியாமல் காப்பாற்றிவிட்டேன் என்று எனக்குப் பெருமைதான்.