கோணல் பெட்டி

என் மனைவியின் அண்ணன் கொத்தனார். எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தால், சுவரில் சாய்ந்திருக்கும் படத்தை நிமிர்த்தி வைத்துவிட்டுத்தான் கை கழுவுவார். மட்டம் பார்க்கும் நூல்கண்டு எப்போதும் சட்டைப் பையில் இருக்கும். ஊரே அவரை ‘நூல்’ என்றுதான் சொல்லும்.

முழங்கால் கெட்டு, சாரத்தில் ஏற முடியாமல் போனதும் என் தேனீப் பண்ணைக்கு வந்து சேர்ந்தார். சும்மா உட்காரத் தெரியாத மனிதர்.

கன்னி ராணிகளுக்கென்று என்னிடம் பன்னிரண்டு சின்னப் பெட்டிகள். செருப்புப் பெட்டி அளவுதான். ராணி வெளியே பறந்து, ஆண் ஈக்களோடு சேர்ந்து, தன் பெட்டிக்கே திரும்ப வேண்டும். தவறிப்போய் அடுத்த பெட்டிக்குள் நுழைந்தால் அங்குள்ள ஈக்கள் கொன்றுபோடும். அதனால் பெட்டிக்கொரு நிறம், வாசலுக்கொரு திசை. ஒன்று புதரோரம், ஒன்று பாறை பக்கத்தில்.

“என்ன மாப்ளே, லாரியிலேர்ந்து கொட்டின மாதிரி வச்சிருக்கீங்க?”

“அப்படித்தான் இருக்கணும் மச்சான். கைய வச்சிடாதீங்க.”

அந்த வருடம் என்னிடமிருந்த, அதிகம் கொட்டாத சாதுவான கூட்டின் தாய் ராணி செத்துப்போனாள். அவள் மகள் ஒருத்திதான் மிச்சம், நீலப் பெட்டியில். அவளும் போனால் அந்த வம்சமே போச்சு.

பிறந்த ஏழாம் நாள் மதியம் அவள் பறந்து போனதைக் கண்ணால் பார்த்தேன். தண்ணீர் குடித்துவிட்டு வந்தால், நீலப் பெட்டி பக்கத்துப் பெட்டியோடு நேர்கோட்டில் நிற்கிறது. மச்சான் கையில் நூல்.

“யோவ்!” என்று கத்திவிட்டேன். அவரை அப்படிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. “உள்ள இருந்தவ வெளிய போயிருக்கா! வீட்டக் காணோம்னு சுத்தப் போறா!”

“ரெண்டடிதானே மாப்ளே தள்ளினேன்...” நூலைச் சுருட்டிப் பையில் போட்டார்.

பெட்டி எப்படி இருந்தது என்று எனக்கே சரியாக நினைவில்லை. அவருக்கு இருந்தது. கண்ணை உறுத்திய கோணலை மறக்கிற ஆளா அவர்? வலிக்கிற முழங்காலை மண்ணில் ஊன்றி, பெட்டியை நகர்த்தி, வாசலைப் புதர்ப் பக்கம் திருப்பி, கடைசியாக இடது மூலையை ஒரு விரற்கடை பின்னால் தள்ளினார்.

காத்திருந்தோம்.

கால் மணி நேரம் கழித்து வந்தாள். ஒரு வட்டம் போட்டு, வாசலில் இறங்கினாள். வால் நுனியில் வெள்ளையாக ஏதோ ஒட்டியிருந்தது. ஆண் ஈயோடு சேர்ந்துவிட்டாள் என்பதற்கு அதுதான் அடையாளம்.

“வால்ல என்ன மாப்ளே அது?”

“நூலு மச்சான். உங்க ஆளுதான் போல.”

அவர் சிரிக்கவில்லை. முழங்காலைத் தேய்த்தபடி பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இருந்தாலும் கோணல்தான் மாப்ளே” என்றார்.