ஒரு டீக்கு ஒரு நோட்டு

ரூபாய் நோட்டை அரசாங்கம்தான் அடிக்கும் என்று நீங்கள் இருவரும் பாடத்தில் படித்திருப்பீர்கள். கூட்டேரிப்பட்டு கூட்டு ரோட்டில் உங்கள் அப்பா நானும் கொஞ்ச காலம் நோட்டு அடித்தேன். பயப்படாதீர்கள், கள்ள நோட்டு இல்லை.

நீங்கள் கைக்குழந்தைகளாக இருந்தபோது சில்லறைக்குப் பெரிய தட்டுப்பாடு. நம் கடையில் டீ இரண்டரை ரூபாய். பஸ் புறப்படுகிற அவசரத்தில் எல்லோரும் ஐந்து ரூபாயை நீட்டுவார்கள். மீதிக்கு நான் எங்கே போவேன்? மிட்டாய் கொடுத்தால் திட்டு விழும். உங்கள் அம்மாதான் வழி சொன்னாள்.

"மீதி இன்னொரு டீதானே? அதையே எழுதிக் குடுத்துடு. நாளைக்கு வந்து குடிச்சிக்கினு போவட்டும்."

திண்டிவனத்தில் ஓர் அச்சகத்தில், கல்யாண நோட்டீஸுக்கு வாங்கி மிஞ்சிய ரோஸ் தாளில் அடித்துக் கொடுத்தார்கள். மேலே கடையின் பெயர், நடுவில் 'ஒரு டீ', கீழே என் கையெழுத்துக்கு இடம். எட்டாவதோடு நின்றவன் நான். என் கையெழுத்தை அதுவரை யார் கேட்டார்கள்? விடியற்காலையில் பாய்லர் சூடாவதற்குள் உட்கார்ந்து வரிசையாகப் போடுவேன். அவ்வளவு சந்தோஷம்.

டீ நோட்டு என்றே அதற்குப் பெயர் வந்துவிட்டது. வறுத்த மல்லாட்டைக் கடலை விற்கிறவர் பக்கத்துக் கடையில் அதைக் கொடுத்துப் பீடிகூட வாங்குவார். திரும்பி வந்த நோட்டை அம்மா உடனே அடுப்பில் போட்டுவிடுவாள். ஒரே நோட்டுக்கு இரண்டு டீ போய்விடக் கூடாதல்லவா! பிறகு சில்லறை வந்தது, நோட்டை நிறுத்தினோம். நானும் மறந்துவிட்டேன்.

போன மாதம் பழைய நோட்டு சேர்க்கிறவர் ஒருவர் விழுப்புரத்திலிருந்து கடைக்கு வந்தார். ஆல்பத்தைத் திறந்து காட்டினார். பாண்டிச்சேரியில் பிரெஞ்சுக்காரர் காலத்தில் தனியார் வங்கி போட்ட நோட்டு, ஏதோ மலைத் தோட்டத்தில் கூலிக்குக் கொடுத்த சீட்டு. நம் நோட்டைப் பற்றி யாரோ சொல்லிக் கேட்டு வந்திருக்கிறார்.

கையெழுத்துப் போடாமல் மிஞ்சிய நோட்டுக் கட்டைப் பரணிலிருந்து எடுத்துப் போட்டேன். தொட்டுப் பார்த்துவிட்டுத் தள்ளி வைத்தார்.

"இது வெறும் காகிதம்ங்க. நீங்க கையெழுத்து போட்டு, நாலு பேர் கைமாறி, மடிஞ்சி அழுக்கானாத்தான் நோட்டு. தனியார் போட்டதெல்லாம் திரும்பி வந்ததும் அழிச்சிடுவாங்க. தப்பிச்சி வந்ததுக்குத்தான் விலை. ஒண்ணு கெடைச்சாலும் ஆயிரம் ரூபா தர்றேன்."

அம்மா தலையில் கை வைத்துக்கொண்டாள். "அடுப்புல எத்தினி ஆயிரத்தைப் போட்டேனோ!"

எனக்கு ஆயிரம்கூடப் பெரிதில்லை. ஊர் நம்பி வாங்கிய என் கையெழுத்தில் ஒன்றாவது உங்களுக்குக் காட்ட வேண்டும் போல இருந்தது. தெரிந்த கண்டக்டர்களிடம் எல்லாம் கேட்டேன். யாரிடமும் இல்லை.

போன வாரம் கோட்டக்குப்பத்து பாய் ஒருவர் வந்தார். அந்த நாளில் மீன் வண்டி ஓட்டியவர், பிறகு துபாய் போனவர். தாடி முழுக்க வெள்ளை. பர்ஸைத் திறந்து, மடித்த ரோஸ் தாள் ஒன்றை மேசையில் வைத்தார்.

"அண்ணே, இது செல்லுமா?"

என் கையெழுத்துதான். நீல மை வெளுத்து, மடிப்பில் கொஞ்சம் கிழிந்திருந்தது. டீயைக் கொடுத்தால் நோட்டு நம்முடையது. அதுதான் கடையின் சட்டம். பேசாமல் வாங்கிக்கொள் என்று அடுப்புப் பக்கத்திலிருந்து அம்மா கண்ணைக் காட்டுகிறாள். ஆனால் சொல்லாமல் வாங்க எனக்கு மனம் வரவில்லை.

"பாய், டீயக் காசு குடுத்துக் குடிங்க. இதுக்கு ஒருத்தர் ஆயிரம் ரூபா தர்றாரு."

அவர் சிரித்துவிட்டார். "ஊர்ல எனக்கு ஒரு டீ பாக்கி கீதுன்னு துபாய் ரூம்ல எல்லார்கிட்டயும் இதக் காட்டிப் பீத்திக்கினு இருந்தேன். நீ என்னடான்னா செல்லாதுன்ற!"

"யார் சொன்னா? செல்லும்!"

ரோஷம் வந்துவிட்டது. டீ மாஸ்டரைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு நானே ஆற்றினேன். பாய் நிதானமாக, கடைசிச் சொட்டு வரை குடித்தார்.

"எப்படி பாய்?"

"நல்லாத்தான் கீது. ஆனா இது அந்த டீ இல்லண்ணே. அது எருமைப் பாலு. இது பாக்கெட்டு."

சொல்லிக்கொண்டே நோட்டை எடுத்துப் பர்ஸுக்குள் வைத்துக்கொண்டார். "அந்த டீய என்னிக்குப் போடுறியோ, அன்னிக்கு நோட்டு உன்னுது."

போனைக் காட்டிக் காசு கட்டிவிட்டு எழுந்தார். "மொத்தமாக் குடிச்சப்புறந்தான் பாக்கெட்டுப் பாலுன்னு தெரிஞ்சிதா பாய்?" என்று அம்மா கேட்டதற்கு, "சந்தேகம் தீர வேணாமா தங்கச்சி?" என்றார்.

மயிலம் பக்கம் ஒருவர் இன்னும் எருமை வைத்திருக்கிறாராம். பாய் லீவு முடிந்து போவதற்குள் பால் பிடித்தாக வேண்டும். இந்த ஞாயிற்றுக்கிழமை உங்களில் யாராவது ஹாஸ்டலிலிருந்து வந்தால் வண்டி ஓட்ட ஆள் ஆகும்.