குரலை வைக்க ஒரு பெட்டி

அக்காவின் குரல்வளையை எடுத்துவிட வேண்டும் என்று டாக்டர் சொன்னபோது அக்கா அழவில்லை. அத்தான்தான் நாற்காலியின் கையை இறுகப் பிடித்துக்கொண்டார். வெளியே வந்ததும் என் காதருகே சொன்னார்: "இவ குரல எங்கயாவது பத்திரமா வைக்கணும்டா."

அறுவை சிகிச்சைக்கு இருபத்து நான்கு நாள் இருந்தது.

அத்தான் ஒரு மருந்துக் கிடங்கின் பொறுப்பாளர். அங்கே அவருக்கு 'ரெட்டைப்பூட்டு' என்று பெயர். பூட்டிய கதவை இழுத்துப் பார்ப்பார், நாலடி நடப்பார், திரும்பி வந்து மறுபடியும் இழுப்பார். மூன்று வருடத்துக்கு முன் அவர் போன் சாக்கடையில் விழுந்து, அவர் அம்மாவின் படங்கள் மொத்தமும் போயின. அன்றிலிருந்து போனை நம்புவதில்லை. வீட்டிலேயே ஒரு சேமிப்பு சர்வர் வைப்பது என்று முடிவெடுத்தார்.

நான் கம்ப்யூட்டர் பழுது பார்க்கிறவன். "என்கிட்ட இருக்கிற பழைய கம்ப்யூட்டர்ல ரெண்டு டிஸ்க் மாட்டித் தர்றேன் அத்தான், நாளைக்கே ஓடும்" என்றேன்.

"பழசு நடுவுல படுத்துடுச்சுன்னா?"

சரி, புதுப் பெட்டி. இரண்டு டிஸ்க் போடுவதா, நான்கு போடுவதா? இரண்டே போதும், ஒன்று கெட்டாலும் மற்றொன்றில் எல்லாம் இருக்கும் என்றேன். ஒரே தொகுதியில் தயாரான டிஸ்க்குகள் சேர்ந்தே கெடக்கூடும் என்று எங்கேயோ படித்துவிட்டு வந்து நின்றார். பிறகென்ன, கடையில் ஒவ்வொரு டிஸ்க்கின் வரிசை எண்ணையும் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தார். கடைக்காரர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்து, "சார், இது ரெண்டும் அண்ணன் தம்பிகூட இல்ல, போதுமா?" என்றார். போதவில்லை. கரண்ட் போனால் தாங்க பேட்டரி வேண்டும். பிழையைத் தானே திருத்தும் மெமரி வேண்டும். அது பொருந்தும் பெட்டி வெளியூரிலிருந்து வர வேண்டும்.

இதற்குள் இரண்டு வாரம் ஓடிவிட்டது. வகுப்பறையில் வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்தால் தெருமுனை வரை கேட்கும் அக்காவின் குரல் கரகரத்து, அடங்கி வந்தது. பயம் வந்தால் எனக்குக் கோபம்தான் வரும்.

"முதல்ல போன்ல பேச வச்சுப் பதிவு பண்ணுங்க. பெட்டி வந்ததும் மாத்திக்கலாம்" என்று கத்தினேன்.

"கிடங்குல சரக்கு அடுக்குற ராக் ரெடியாகாம லாரிய உள்ள விடக் கூடாதுடா. சரக்கு நடுவழியில கிடந்து வீணாப் போகும். இருபத்தெட்டு வருஷமா பாக்கறேன்" என்றார். "இவ குரலும் சாக்கடையில போச்சுன்னா நான் என்ன பண்ணுவேன்?"

என் போனை எடுத்து நானே பதிவு செய்திருக்கலாம். அவர் மனைவி, அவர் ஆசை என்று இருந்துவிட்டேன். அக்காவோ வாய்ஸ் மெசேஜ் அனுப்புகிற ஆளே இல்லை, பழைய பதிவு என்று எதுவும் கிடையாது. கூப்பிட்டு நேராகத் திட்டினால்தான் அவளுக்குத் திருப்தி.

அறுவை சிகிச்சைக்கு முந்தின நாள் காலையில் பெட்டி வந்தது. மதியத்துக்குள் மாட்டி முடித்தேன். அத்தான் இரண்டு டிஸ்க்கையும் மூன்று முறை சோதிக்கச் சொன்னார். ஒரு குறையும் இல்லை. பேட்டரி வேலை செய்கிறதா என்று மெயின் சுவிட்சை அணைத்தும் பார்த்தார். பிறகு சாப்பாட்டு மேஜையில் மைக்கை வைத்து, அக்காவை அதன் முன் உட்காரவைத்தார்.

"என்ன பேச?" என்று அக்கா கேட்டாள். உதடு அசைந்ததை வைத்துத்தான் எனக்குப் புரிந்தது.

"எது வேணா பேசும்மா. என்னைத் திட்டு."

நான் பதிவைத் தொடங்கினேன். அக்கா அவரை ஒரு நொடி பார்த்தாள். மூச்சை இழுத்து, கழுத்து நரம்பு புடைக்க முயன்றாள். காற்றுதான் வந்தது. "பேசும்மா" என்றார் அத்தான். மறுபடி முயன்றாள். இருமல் வந்ததும் நான் பதிவை நிறுத்தினேன்.

அத்தான் அசையாமல் உட்கார்ந்திருந்தார். அக்காதான் அவர் முதுகைத் தடவிக்கொடுத்தாள்.

அக்கா இப்போது நன்றாக இருக்கிறாள், எழுதிக் காட்டித் திட்டுகிறாள். வாரம் தவறாமல் அத்தான் சர்வரைச் சோதிக்கிறார். ஒரே ஒரு பதிவு, பதினோரு விநாடி, இரண்டு டிஸ்க்கிலும் பத்திரமாக இருக்கிறது. போட்டுக் கேட்டால் அத்தானின் குரல் மட்டும் தெளிவாகக் கேட்கிறது: "பேசும்மா."